அதிபர் இல்லாத நாளில் பாடசாலை: மர்ஹூம் டி.பி. ஜாயா கற்றுத்தந்த தலைமைத்துவம்

எல்கடுவையில் மழை பிடித்தால் மாத்தளையிலிருந்து வரும் பஸ் எத்தனை மணிக்கு வந்து சேரும் என்பதை யாராலும் சொல்ல முடியாது. கடந்த தவணையில் அப்படியொரு காலை. எங்கள் அதிபர் வலயக் கல்விப் பணிமனையில் நடந்த கூட்டமொன்றுக்குப் போயிருந்தார். பஸ்ஸில் வந்த நாங்கள் நான்கு ஆசிரியர்கள் நனைந்துகொண்டு பாடசாலையை அடைந்தபோது மணி எட்டைத் தாண்டிவிட்டது. உள்ளே ஒரே கூச்சலாக இருக்கும் என்று நினைத்துக்கொண்டே நுழைந்தோம்.

அப்படி எதுவும் இல்லை. காலைக்கூட்டம் முடிந்திருந்தது. பத்தாம் ஆண்டு மாணவிகள் இருவர் சின்னப் பிள்ளைகளை உட்காரவைத்து வாசிப்புப் புத்தகங்களைக் கொடுத்திருந்தார்கள். ஊரிலேயே வசிக்கும் ஓர் ஆசிரியை நேரசூசியைப் பார்த்து வகுப்புகளைப் பிரித்துக் கொடுத்திருந்தார். அப்படிச் செய்யும்படி அவரிடம் எவரும் சொல்லியிருக்கவில்லை. நாங்கள் நால்வரும் வரவுப் பதிவேட்டில் வந்த நேரத்தை உள்ளபடியே எழுதிக் கையொப்பமிட்டோம். அதையும் எவரும் சொல்லவில்லை.

எனக்கு நான் முன்னர் கற்பித்த இன்னொரு பாடசாலை ஞாபகத்துக்கு வந்தது. அங்கே 7.30க்குப் பதிவேட்டில் சிவப்புக் கோடு விழும். ஒரு நிமிடம் பிந்தினாலும் அதிபரின் வாயிலிருந்து தப்ப முடியாது. வாசலில் நோக்குக்கூற்றும் பணிக்கூற்றும் பெரிய பலகையில் அழகாக எழுதப்பட்டிருந்தன. ஆனால் அதிபர் கூட்டத்துக்குப் போன நாட்களில் இடைவேளைக்குப் பிறகு அந்தப் பாடசாலையில் பாதி ஆசிரியர்களைக் காண முடியாது. நானும் அவர்களில் ஒருவனாக இருந்திருக்கிறேன் என்பதை மறைக்க விரும்பவில்லை.

ஒரே நான்தான். அங்கே இடைவேளையோடு வீட்டுக்குப் போனவன், இங்கே பிந்தி வந்த நேரத்தை நானாகவே எழுதுகிறேன். என்னை மாற்றியது சுற்றுநிருபம் அல்ல, சிவப்புக் கோடும் அல்ல. பிறகு எது?

ஆசிரியர் பயிற்சிக் கலாசாலையில் இருந்த காலத்தில் பாடசாலை முகாமைத்துவப் பாடத்தில் நிறுவனப் பண்பாடு என்றொரு அலகு இருந்தது. குறிப்பெழுதினோம், பரீட்சையில் திருப்பி எழுதினோம், மறந்துவிட்டோம். அந்தச் சொல்லின் பொருள் எனக்கு உண்மையில் விளங்கியது ஒரு மனிதரின் வாழ்க்கையை வாசித்தபோதுதான். அவர் மர்ஹூம் டி.பி. ஜாயா. நம் பிள்ளைகளுக்கு அவரைத் தேசிய வீரர்களின் பட்டியலில் வரும் ஒரு பெயராக மட்டுமே தெரியும். ஆனால் அவர் வாழ்நாளில் கால் நூற்றாண்டுக்கும் மேலான காலத்தை ஒரு பாடசாலை அதிபராகக் கழித்தவர். அந்த அதிபரைப் பற்றித்தான் இங்கே எழுத விரும்புகிறேன்.

துவான் புர்ஹானுதீன் ஜாயா 1890ஆம் ஆண்டு ஜனவரி 1ஆம் திகதி கலகெதரவில் ஒரு மலே குடும்பத்தில் பிறந்தார். தந்தை பொலிஸ் சேவையில் இருந்தவர். பெரும் செல்வமோ செல்வாக்கோ உள்ள குடும்பமல்ல. அந்தக் காலத்தில் கொழும்பு முகத்துவாரத்தில் இருந்த சென் தோமஸ் கல்லூரியில் படித்தார். இலத்தீன், கிரேக்கம் போன்ற செம்மொழிகளிலும் வரலாற்றிலும் தேர்ந்தார். முஸ்லிம் பெற்றோர் ஆங்கிலக் கல்வியைச் சந்தேகத்தோடு பார்த்த காலம் அது. ஆங்கிலம் படித்தால் பிள்ளையின் மார்க்கம் போய்விடும் என்ற பயம் பரவலாக இருந்தது. அதனால் ஆங்கிலம் கற்ற ஒரு முஸ்லிம் இளைஞருக்கு அரசாங்க உத்தியோகமோ சட்டத்துறையோ எளிதாகவே கிடைத்திருக்கும். அவர் ஆசிரியத் தொழிலைத் தெரிவுசெய்தார்.

அவர் முதலில் கற்பித்தது முஸ்லிம் பாடசாலை ஒன்றில் அல்ல. கண்டி தர்மராஜாக் கல்லூரி, மொரட்டுவை பிரின்ஸ் ஒவ் வேல்ஸ் கல்லூரி, கொழும்பு ஆனந்தாக் கல்லூரி ஆகியவற்றில் ஆசிரியராக இருந்தார். இவற்றுள் தர்மராஜாவும் ஆனந்தாவும் பௌத்த பிரம்மஞான இயக்கம் வளர்த்த கல்லூரிகள். மிஷனரிப் பாடசாலைகளுக்குச் சமமாகத் தம் சமூகத்துக்கும் ஒரு பாடசாலை வேண்டும் என்ற வைராக்கியத்தில் எழுந்தவை. 1918இல் பீ.டி.எஸ். குலரத்ன ஆனந்தாவின் அதிபராகி, அந்தக் கல்லூரிக்குப் புதிய உயிர் கொடுக்கத் தொடங்கியபோது ஜாயா அங்கே ஆசிரியராக இருந்தார்.

இந்த விடயத்தை நாம் அவ்வளவாகப் பேசுவதில்லை. ஒரு சமூகம் தன் தாழ்வு மனப்பான்மையை ஒரு பாடசாலையின் வழியாக எப்படிக் களைகிறது என்பதை அவர் அடுத்த வீட்டில் இருந்து பார்த்தவரல்லர், அந்த வீட்டுக்குள்ளேயே இருந்து பார்த்தவர். பின்னர் ஸாஹிராவில் அவர் செய்தவற்றுக்கு அங்கேதான் பயிற்சி கிடைத்திருக்க வேண்டும் என்பது என் எண்ணம். மற்றச் சமூகங்களின் நல்ல பாடசாலைகளுக்குள் போய்ப் பார்க்காமல் நம் பாடசாலைகளை உயர்த்த நினைக்கும் நமக்கு இது முதல் பாடம்.

1921 செப்டெம்பரில் அவர் மருதானை ஸாஹிராக் கல்லூரியின் அதிபரானார். சித்திலெப்பை, ஒராபி பாஷா, வாப்பிச்சி மரிக்கார் ஆகியோரின் கனவில் 1892ஆம் ஆண்டு ஓகஸ்ட் 22ஆம் திகதி தொடங்கப்பட்ட பாடசாலை அது. ஆனால் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் ஜாயா பொறுப்பேற்றபோது அங்கே படித்தவர்கள் 59 மாணவர்கள் மட்டுமே. ஆசிரியர்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள். வசதியுள்ள முஸ்லிம் பெற்றோர் தம் பிள்ளைகளை றோயல், சென் தோமஸ், வெஸ்லி போன்ற கல்லூரிகளுக்கே அனுப்பினார்கள். ஸாஹிரா வேறிடம் கிடைக்காதவர்களின் பாடசாலையாக இருந்தது.

இன்று மலைநாட்டுச் சிறிய பாடசாலைகளில் இருக்கும் எங்களுக்கு இது அறிமுகமான நிலைமை. ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் தேறும் பிள்ளை நகரத்துக்குப் போய்விடும். மிச்சமிருப்பவர்கள் நம்மோடு இருப்பார்கள். அவர்களிடம் என்ன எதிர்பார்க்க முடியும் என்ற பேச்சு ஆசிரியர் அறையில் ஒரு நாள் தொடங்கினால் பிறகு ஓய்வதேயில்லை. ஒரு பாடசாலையின் பண்பாடு கெடுவது பெரிய ஊழல்களால் அல்ல, இந்தச் சாதாரணப் பேச்சினால்தான்.

ஜாயா அந்த 59 பேரை மிச்சமிருப்பவர்களாகப் பார்க்கவில்லை. நாட்டின் முதல்தரக் கல்லூரிகளோடு ஒப்பிடப்பட வேண்டிய மாணவர்களாகவே நடத்தினார். அதற்கு முதலில் ஆசிரியர்கள் வேண்டும். ஆட்சேர்ப்பில் அவர் இனம், மதம், உறவு பார்க்கவில்லை. தமிழர்களும் சிங்களவர்களும் பறங்கியரும் ஸாஹிராவில் கற்பித்தார்கள், அவர்களின் பிள்ளைகளும் அங்கே படித்தார்கள். பள்ளிவாசலோடு ஒட்டியிருந்த ஒரு முஸ்லிம் கல்லூரி, தன் மார்க்க அடையாளத்தில் எதையும் விட்டுக்கொடுக்காமலே அனைவருக்கும் கதவைத் திறந்து வைத்திருந்தது. 1927இல் இலங்கைக்கு வந்த மகாத்மா காந்தி ஸாஹிராவுக்கும் வந்து உரையாற்றினார். ஆறு ஆண்டுகளுக்கு முன் அறுபது மாணவர்கள் கூட இல்லாதிருந்த ஒரு பாடசாலை எந்த இடத்துக்கு வந்திருந்தது என்பதற்கு இதுவே சாட்சி.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். அவர் மலே சமூகத்தவர். கல்லூரியை நிறுவியவர்களும் நடத்தியவர்களும் பண உதவி செய்தவர்களும் பெரும்பாலும் சோனகர்கள். நம்மவனா என்று கேட்கும் வழக்கம் இன்று புதிதாக முளைத்ததல்ல. அந்தக் கேள்விக்கு ஜாயா வாயால் பதில் சொல்லிக்கொண்டிருக்கவில்லை. கால் நூற்றாண்டுக்கும் மேலாக ஒரே இடத்தில் நின்று வேலை செய்தார். அந்த வேலைதான் பதிலானது.

இனி என்னை அதிகம் சிந்திக்க வைத்த விடயத்துக்கு வருகிறேன். 1924இல் சட்டநிரூபண சபைக்கு முஸ்லிம் பிரதிநிதிகள் மூவர் தெரிவானார்கள். எச்.எம். மாக்கான் மாக்கார், என்.எச்.எம். அப்துல் காதர் ஆகியோருடன் மூன்றாமவர் ஜாயா. பின்னர் 1936இல் அரசாங்க சபைக்கும் நியமிக்கப்பட்டார். இதற்கிடையில் முஸ்லிம் லீக் வேலைகளும் இருந்தன. அதாவது, ஸாஹிரா வளர்ந்த ஆண்டுகளில் கணிசமான பகுதி அதன் அதிபர் அரசியலிலும் ஈடுபட்டிருந்த காலம். சபை கூடும் நாட்களில் அவர் பாடசாலை வாசலில் நின்று சிவப்புக் கோடு போட்டுக்கொண்டிருந்திருக்க முடியாது.

இருந்தும் பாடசாலை தளரவில்லை. மாறாக, இக்காலத்தில்தான் அது ஆயிரக்கணக்கான மாணவர்கள் படிக்கும் கல்லூரியானது. ஓர் அதிபர் இரண்டு தோணிகளில் கால் வைத்தால் பாடசாலை கெட்டுப்போகும் என்பதுதான் நாம் வழமையாகக் காண்பது. அரசியல் செய்யும் அதிபர்களுக்கு இது ஒரு முன்னுதாரணம் என்று எவரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. அவரது பாடசாலை அவர் இல்லாத நேரத்திலும் நடந்தது என்றால், அவர் இருந்த நேரத்தில் எதைச் செய்திருக்க வேண்டும் என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி.

அதிகாரத்தைத் தன் மேசையில் குவித்து வைத்திருக்கும் தலைவர் ஒரு நாள் வராவிட்டால் அன்று ஒன்றும் அசையாது. அதைப் பார்த்து, தான் இல்லாவிட்டால் ஒன்றும் நடக்காது என்று அவர் பெருமைப்படுவார். உண்மையில் அது அவரது தோல்வி. தகுதியானவர்களைத் தேர்ந்து, அவர்களை நம்பி, அவர்களின் வேலைக்கு மதிப்புக் கொடுக்கும் தலைவர் இல்லாத நாளில் அவர் எதிர்பார்ப்பது என்ன என்று ஒவ்வொருவருக்கும் தெரிந்திருக்கும். பயம் அதிபர் அறையின் கதவு மூடியதும் முடிந்துவிடும். மதிப்பு அப்படி முடிவதில்லை.

1940களில் ஸாஹிரா என்ற பெயர் கொழும்பைத் தாண்டியது. கம்பளையிலும் புத்தளத்திலும் அளுத்கமையிலும் எங்கள் மாத்தளையிலும் அதன் கிளைகள் உருவாயின. எல்கடுவையிலிருந்து மலையிறங்கிப் போகும் நம் பிள்ளைகள் மாத்தளை ஸாஹிராவைத் தெரியாதவர்கள் அல்லர். ஆனால் அந்தப் பெயர் எப்படி இந்தப் பக்கம் வந்தது என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லத் தெரியாது. கொழும்பில் இடம் கிடைக்காத பிள்ளை, கொழும்புக்கு அனுப்ப வசதியில்லாத தந்தை, இவர்களையும் மனதில் வைத்த ஒருவரின் காலத்தில்தான் அது வந்தது. ஒரு கட்டடத்தை இன்னோர் ஊருக்குத் தூக்கிக்கொண்டு போக முடியாது. வேலை செய்யும் முறையைக் கொண்டுபோகலாம்.

பாடசாலைக்குள் கடைப்பிடித்த அதே போக்கை அவர் அரசியலிலும் காட்டினார். ஒரு காலத்தில் சமூக அடிப்படையிலான பிரதிநிதித்துவத்துக்காக வாதாடியவர்களில் அவரும் ஒருவர். ஆனால் 1945இல் அரசாங்க சபையில் சுதந்திர இலங்கைக்கான சட்டமூலம் விவாதத்துக்கு வந்தபோது, முஸ்லிம்களுக்கான சலுகைகளை முன்நிபந்தனையாக்காமல் நாட்டின் விடுதலையை ஆதரித்துப் பேசினார். தன் பாடசாலையில் எல்லாச் சமூகத்தவரோடும் இருபது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்த ஒருவருக்கு அந்த நம்பிக்கை வெறும் மேடைப்பேச்சாக இருந்திருக்காது.

1947 பொதுத் தேர்தலில் மூன்று உறுப்பினர்களைக் கொண்ட கொழும்பு மத்திய தொகுதியிலிருந்து அவர் பாராளுமன்றத்துக்குத் தெரிவானார். டி.எஸ். சேனாநாயக்காவின் முதலாவது அமைச்சரவையில் தொழில், சமூக சேவைகள் அமைச்சரானார்.

தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே வாழ்பவன் என்ற வகையில் இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லாமல் போக முடியாது. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் அந்த அமைச்சரவையின் காலத்தில்தான் நிறைவேறியது. என்னிடம் படிக்கும் தோட்டத்துப் பிள்ளைகளின் பாட்டன், பூட்டன்மார் நாடற்றவர்களானது அந்தச் சட்டத்தால்தான். தொழிலாளருக்குப் பொறுப்பான அமைச்சர் அந்த அமைச்சரவையில் இருந்தார் என்பது வரலாறு. நாம் நேசிக்கும் பெரியவர்களின் வாழ்க்கையிலும் இத்தகைய பக்கங்கள் உண்டு. அவற்றைக் கிழித்துவிட்டுப் பிள்ளைகளுக்கு வரலாறு கற்பிப்பது நேர்மையல்ல. அமைச்சர் ஜாயாவை விட அதிபர் ஜாயாவிடம் நாம் கற்க அதிகம் இருக்கிறது என்றுதான் நான் நினைக்கிறேன்.

அதிபர் ஜாயாவின் உண்மையான பரீட்சை அவர் ஸாஹிராவை விட்டுப் போன பிறகுதான் வந்தது. பொதுவாக, இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஒருவரே தாங்கி நின்ற நிறுவனம் அவர் விலகியதும் சரிந்துவிடும். ஸாஹிராவுக்கு அடுத்து வந்தவர் ஏ.எம்.ஏ. அஸீஸ். யாழ்ப்பாணம் வண்ணார்பண்ணையில் பிறந்தவர். 1935இல் இலங்கை சிவில் சேவைக்குத் தெரிவான முதலாவது முஸ்லிம். அந்தக் காலத்தில் சிவில் சேவை என்றால் அதற்கு மேல் ஓர் உத்தியோகம் கிடையாது. அப்படிப்பட்ட பதவியை விட்டுவிட்டு 1948இல் அவர் ஒரு பாடசாலையின் அதிபராக வந்தார்.

1921இல் 59 பிள்ளைகளோடு இருந்த ஸாஹிராவுக்கு ஒரு சிவில் சேவை அதிகாரி இப்படி வந்திருப்பாரா? அந்தப் பதவிக்கு அவ்வளவு கண்ணியம் சேர்ந்திருந்தது. ஜாயா விட்டுச் சென்ற பெரிய சொத்து அதுதான். அஸீஸ் 1961 வரை ஸாஹிராவை இன்னும் உயரத்துக்குக் கொண்டுபோனார். பிற்காலத்தில் தமிழுலகம் அறிந்த பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி அங்கே படித்து, பின்னர் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். ஜாயா திறந்துவைத்த கதவை அவருக்குப் பின் வந்தவர் மூடவில்லை. தலைவர் மாறினார், வழக்கம் மாறவில்லை. நிறுவனப் பண்பாடு என்று பயிற்சிக் கலாசாலையில் நாங்கள் மனனம் செய்தது இதைத்தான்.

ஜாயா 1950இல் பாகிஸ்தானுக்கான இலங்கையின் முதலாவது உயர் ஸ்தானிகராகச் சென்றார். 1960ஆம் ஆண்டு புனித யாத்திரைக்காகப் போயிருந்தவர் மே 31ஆம் திகதி மதீனாவில் வபாத்தானார். ஜன்னதுல் பகீஃயில் அடக்கம் செய்யப்பட்டார். கலகெதரவில் பிறந்த ஓர் ஆசிரியருக்கு அல்லாஹ் கொடுத்த பாக்கியம் அது.

இன்று நம் சமூகத்தின் பாடசாலைகளைப் பார்க்கிறோம். ஓர் அதிபர் வந்தால் பெறுபேறு உயர்கிறது, அவர் மாற்றலாகிப் போனதும் இறங்குகிறது. உடனே இன்னொரு நல்ல அதிபரைத் தேடி ஊரார் அரசியல்வாதியின் வீட்டுக்குப் போகிறார்கள். சில ஊர்களில் அதிபர் நியமனம் என்பது இரண்டு குடும்பங்களின் அல்லது இரண்டு கட்சிகளின் போட்டியாகிவிட்டது. பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டங்களில் மதிலுக்கும் மண்டபத்துக்கும் நிறப்பூச்சுக்கும் மணிக்கணக்கில் பேசுகிறோம். ஆசிரியர் அறையில் எப்படிப்பட்ட பேச்சு நடக்கிறது, புதிதாக வரும் ஆசிரியரை முதல் வாரத்தில் யார் கூட்டிக்கொண்டு போய் எதைக் காட்டுகிறார்கள் என்று எவரும் கேட்பதில்லை. கஷ்டப் பிரதேசச் சேவைக்காக மலைக்கு வரும் இளம் ஆசிரியர் முதல் நாளே கேட்பது எப்போது மாற்றம் எடுக்கலாம் என்ற ஆலோசனை என்றால், அவர் இரண்டாம் நாளிலிருந்து நாட்களை எண்ணுவதில் என்ன ஆச்சரியம்?

எங்கள் அதிபர் இதைத்தான் மாற்றினார். புதிய ஆசிரியர் வந்தால் முதலில் அவரை ஒரு பிள்ளையின் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போவார். அது லயமாகவும் இருக்கலாம், பள்ளிவாசலுக்குப் பின்னாலுள்ள ஓலை வேலி வீடாகவும் இருக்கலாம். அங்கே ஒரு பிளேன்டீ குடித்துவிட்டுத் திரும்புவார்கள். உபதேசம் எதுவும் கிடையாது. நானும் அப்படித்தான் போனேன். அதற்குப் பிறகு இடைவேளையோடு பஸ் ஏற எனக்கு மனம் வரவில்லை.

அவர் இந்த ஆண்டு இறுதியில் ஓய்வுபெறுகிறார். பொறுப்பை நான் ஏற்க வேண்டும் என்று கேட்டிருக்கிறார். பல வாரங்களாக மறுத்துக்கொண்டிருந்தேன். அவரைப் போல என்னால் முடியாது என்பதுதான் என் காரணம். ஜாயாவின் வாழ்க்கையை மீண்டும் வாசித்தபோது அந்தக் காரணம் பிழை என்று விளங்கியது. நான் அவரைப் போல ஆக வேண்டியதில்லை. அவர் உருவாக்கிய நல்ல வழக்கங்களைக் கெடுக்காமல் காக்க வேண்டும். நான் இல்லாத நாளிலும் அந்தப் பத்தாம் ஆண்டுப் பிள்ளைகள் சின்னவர்களுக்குப் புத்தகம் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான்.

தலைவராக இருப்பவர்கள், அது பாடசாலையோ கடையோ பள்ளிவாசல் நிர்வாகமோ, வருடத்தில் ஒரு நாளாவது சொல்லாமல் விடுமுறை எடுத்துப் பாருங்கள். அன்று நடந்ததைக் கோபப்படாமல் கேட்டறியுங்கள். உங்களுடைய உண்மையான பெறுபேற்று அறிக்கை அதுதான்.

இந்த வாரம் அதிபரிடம் சம்மதம் சொல்லப் போகிறேன், இன்ஷா அல்லாஹ். மர்ஹூம் டி.பி. ஜாயா அவர்களின் பணிகளை அல்லாஹ் ஏற்றுக்கொண்டு, பிழைகளை மன்னித்து, மேலான சுவனத்தை வழங்குவானாக. ஆமீன்.